நெருக்கடி நேரத்தில் செல்லின் புரத உற்பத்தி

ஒரு செல் பார்க்கும் வேலைகளில் மிகுந்த செலவு பிடிப்பவற்றுள் முதன்மையானது புரதம் தயாரிப்பது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல் ஒன்றில் ஏறத்தாழ ஒரு கோடி ரைபோசோம்கள் இருக்கும். ஒவ்வொரு ரைபோசோமும் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்களைக் கோத்துச் சங்கிலியை நீட்டுகிறது. ஓர் அமினோ அமிலத்தைச் சேர்க்க உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் நான்கு செலவாகின்றன. அமிலத்தை அதற்குரிய டி.ஆர்.என்.ஏ.வில் ஏற்ற இரண்டு. ரைபோசோம் அதைப் பெற்றுக்கொண்டு ஒரு படி நகர இரண்டு. நானூறு அமினோ அமிலங்கள் கொண்ட நடுத்தரப் புரதம் ஒன்று முடிய ஒரு நிமிடத்துக்கு மேலாகிறது. அதற்குள் சுமார் 1,600 பிணைப்புகள் போய்விடுகின்றன. பட்டினி கிடக்கும் செல்லுக்கு இது கட்டுப்படியாகாது.

செலவு பாதிக் காரணம்தான். மறுபாதி ஆபத்து. புதிதாக உருவாகும் புரதச் சங்கிலி சரியான வடிவத்துக்கு மடிந்தால்தான் பயன்படும். மடிவதற்கு முன், நீரை வெறுக்கும் அதன் பகுதிகள் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். வெப்பம் ஏறினாலோ, ஆக்சிஜனேற்ற நச்சுகள் பெருகினாலோ அந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். திரண்டதைப் பிரிப்பது எளிதல்ல. அதனால் பட்டினி, வெப்பம், வைரஸ், இரும்புப் பற்றாக்குறை என எந்த நெருக்கடி வந்தாலும் செல் முதலில் குறைப்பது புரத உற்பத்தியைத்தான். ஆனால் அடியோடு நிறுத்தினால் செல் பிழைக்காது. கெட்டுப்போன புரதங்களைச் சரிசெய்யவும், இல்லாத சத்தை வேறு வழியில் பெறவும், நச்சை முறிக்கவும் வேண்டிய கருவிகளும் புரதங்களே. பெரும்பாலானவற்றை நிறுத்த வேண்டும்; தேவையான சிலவற்றை அதே வேளையில் கூடுதலாகச் செய்யவும் வேண்டும். இவ்விரண்டையும் செல் ஒரே நடவடிக்கையால் சாதிக்கிறது. அந்த நடவடிக்கையே இவ்வுரையின் பொருள்.

இதற்கான முதல் தடயம் இத்தாலியில், பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிடைத்தது. ஃபெருச்சியோ ரித்தோசா என்ற மரபியலாளர் அந்தச் சுரப்பியின் பருத்த குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்துவந்தார். மரபணு வேலை செய்யும் இடங்கள் அவற்றில் உப்பித் தெரியும். ஒருமுறை உடன் பணிபுரிந்த ஒருவர் வளர்ப்புப் பெட்டியின் வெப்பநிலையைக் கூட்டிவிட்டார். அடுத்து ரித்தோசா பார்த்தபோது, முன்பு இல்லாத இடங்களில் புதிய உப்பல்கள் எழுந்திருந்தன. இதை அவர் 1962இல் வெளியிட்டார். அந்த மரபணுக்களிலிருந்து வரும் புரதங்கள் 1974இல் இனங்காணப்பட்டன. அவையே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். பிற புரதங்கள் சரியாக மடிய உதவுவதும் அவை ஒட்டித் திரளாமல் காப்பதும் அவற்றில் பலவற்றின் வேலை. பாக்டீரியாவிலும் உண்டு, பயிர்களிலும் உண்டு, மனிதரிலும் உண்டு.

ரித்தோசா கண்டது மரபணு மட்டத்தில் நடந்த மாற்றம். ரைபோசோம் மட்டத்தில் நடந்ததைப் பின்வந்தவர்கள் கண்டார்கள். 25 டிகிரி செல்சியஸில் வளரும் பழ ஈச் செல்களை 37 டிகிரிக்கு மாற்றினால், சிறிது நேரத்திலேயே வழக்கமான புரதங்களின் உற்பத்தி அநேகமாக நின்றுபோகிறது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் மட்டும் மும்முரமாகத் தயாராகின்றன. மரபணுவின் ஆணையை ரைபோசோமுக்குக் கொண்டுவரும் பழைய தூது ஆர்.என்.ஏ.க்கள் அழிந்துபோயினவா என்று பார்த்தால், அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் வேறு ரைபோசோம்களுக்குக் கொடுத்தால் ஒழுங்காகப் படிக்கப்படுகின்றன. வெப்பநிலையைத் திரும்பக் குறைத்தால், ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அந்த ஆணைகளே மீண்டும் நடைமுறைக்கு வருகின்றன.

இந்த ஏற்பாட்டின் நன்மை வேகம். மனிதச் செல்லில் தூது ஆர்.என்.ஏ. ஒன்று சராசரியாகச் சில மணி நேரம் உயிரோடிருக்கும். மரபணுவை இந்த நிமிடமே அணைத்தாலும், ஏற்கெனவே வெளிவந்த படிகளை ரைபோசோம்கள் படித்துக்கொண்டேதான் இருக்கும். நெருக்கடியோ மணிக்கணக்கில் காத்திருக்காது. படிக்கும் இடத்திலேயே தடுத்தால் சில நிமிடங்களில் பலன் தெரியும். நெருக்கடி தீர்ந்ததும் அதே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

எந்தக் கட்டத்தில் தடுப்பது? பாதிச் சங்கிலி கோத்த நிலையில் ரைபோசோமை நிறுத்தினால் அரைகுறைப் புரதங்கள்தான் மிஞ்சும். தொடங்குவதற்கு முன் நிறுத்துவதே புத்திசாலித்தனம், செல்லும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறது. தொடக்கம் இப்படி நடக்கிறது. ரைபோசோமின் சிறு துணையலகு தூது ஆர்.என்.ஏ.வின் முனையில் ஏறி, ஏ.யூ.ஜி. என்ற தொடக்கக் குறியனைத் தேடியபடி நகர்கிறது. குறியன் கிடைத்ததும் அங்கே பொருந்த வேண்டிய முதல் அமினோ அமிலம் மெத்தியோனைன். அதைச் சுமந்த டி.ஆர்.என்.ஏ.வைச் சிறு துணையலகிடம் கொண்டுசேர்ப்பது இ.ஐ.எஃப்-2 என்ற தொடக்கக் காரணி. இந்தக் காரணி குவானோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பற்றியிருக்கும்போதுதான் டி.ஆர்.என்.ஏ.வைச் சுமக்கும். குறியன் உறுதியானதும் அந்த ட்ரைபாஸ்பேட் ஒரு பாஸ்பேட்டை இழந்து டைபாஸ்பேட்டாகிறது. காரணி வெறுங்கையோடு விலகுகிறது. அடுத்த சுற்றுக்கு அது தயாராக வேண்டுமானால் டைபாஸ்பேட்டைக் கழற்றி ட்ரைபாஸ்பேட்டை மாட்ட வேண்டும். மாட்டிவிடுவது இ.ஐ.எஃப்-2பி என்ற இன்னொரு புரதக் கூட்டமைப்பு. ஐந்து வகை அலகுகள், வகைக்கு இரண்டாகப் பத்து சேர்ந்தது அது.

கட்டுப்பாட்டின் சூட்சுமம் இந்த மாற்றித் தரும் வேலையில் இருக்கிறது. இ.ஐ.எஃப்-2இன் ஆல்ஃபா அலகில் 51ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் உண்டு. நெருக்கடி வந்தால் கைனேஸ் நொதி ஒன்று அந்தச் செரினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. ஒட்டப்பட்ட காரணி மாற்றித் தரும் கூட்டமைப்போடு வழக்கத்தைவிட இறுக்கமாக, வேறொரு கோணத்தில் சேர்ந்து, அதைச் செயலிழக்கச் செய்கிறது. முன்பு வேலை வாங்கிய மூலக்கூறு இப்போது தடையாக மாறிவிட்டது. செல்லில் இ.ஐ.எஃப்-2 ஏராளம், மாற்றித் தரும் கூட்டமைப்போ குறைவு. எனவே காரணியில் ஒரு பகுதிக்கு மட்டும் பாஸ்பேட் ஒட்டினாலே மொத்த உற்பத்தியும் சரிந்துவிடும்.  ஒட்டிய காரணி கூட்டமைப்பில் எப்படி அமர்கிறது என்பதை 2019இல் குளிர்நிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. அதைக் கண்ட குழுக்களில் ஒன்று, கேம்பிரிட்ஜில் வெங்கி ராமகிருஷ்ணனுடையது. சிதம்பரத்தில் பிறந்த அவர், ரைபோசோமின் அமைப்பைத் துலக்கியதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்.

இந்தத் தடை விழுவதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு குழாயில் அடியில் அடர்த்தியாகவும் மேலே போகப்போக நீர்த்தும் இருக்கும்படி சர்க்கரைக் கரைசலை நிரப்பி, உடைத்த செல்களின் சாற்றை அதன் மேல் மெதுவாக விட்டு, அதிவேக மையவிலக்கியில் சுற்றுவார்கள். கனமானவை அடியில் இறங்கும். பிறகு குழாயின் கரைசலைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்துப் புற ஊதா ஒளியில் அளந்தால் வரைபடத்தில் முகடுகள் எழும். முதலில் சிறு துணையலகு, அடுத்து பெரிய துணையலகு, அதன்பின் இரண்டும் சேர்ந்த தனி ரைபோசோம், கடைசியில் ஒரே தூது ஆர்.என்.ஏ.வில் இரண்டு, மூன்று, ஐந்து, பத்து என வரிசையாக ஏறிய ரைபோசோம் கூட்டங்கள். நலமான செல்லில் இந்தக் கூட்டங்களின் முகடுகள் உயர்ந்து நிற்கும். ஆர்சனைட் போன்ற நச்சை அரை மணி நேரம் கொடுத்த செல்லில் அவை தரைமட்டமாகி, தனி ரைபோசோமின் முகடு ஒன்றே ஓங்கி நிற்கும். ஏற்கெனவே ஏறியவை வேலையை முடித்து இறங்கிவிட்டன, புதிதாக எதுவும் ஏறவில்லை என்பதை அந்த ஒரு கோட்டிலேயே படித்துவிடலாம்.

பாஸ்பேட்டை ஒட்டும் கைனேஸ்கள் பாலூட்டிகளில் நான்கு. நான்குக்கும் வேலை ஒன்றே, உணரும் நெருக்கடிதான் வேறு. எச்.ஆர்.ஐ. இரும்புப் பற்றாக்குறையை உணர்கிறது, பி.கே.ஆர். வைரஸை, ஜி.சி.என்-2 அமினோ அமிலப் பற்றாக்குறையை. பெர்க் எண்டோபிளாச வலையில் தேங்கும் மடியாத புரதங்களை. இவற்றுள் முதலில் வெளிப்பட்டது எச்.ஆர்.ஐ. அதன் கதை ரத்தத்தோடு பிணைந்தது.

முதிர்ச்சி அடையப்போகும் சிவப்பணுவில் உட்கரு இல்லை. அதனால் மரபணு மட்டக் கட்டுப்பாடு என்பதற்கே அங்கு வழியில்லை. உள்ள தூது ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டே சமாளிக்க வேண்டும். அது செய்யும் புரதத்தில் மிகப் பெரும்பகுதி குளோபின். நான்கு குளோபின் சங்கிலிகளும் இரும்பைத் தாங்கிய நான்கு ஹீம் மூலக்கூறுகளும் சேர்ந்தால் ஒரு ஹீமோகுளோபின். ஹீம் இல்லாமல் குளோபினை மட்டும் செய்து குவித்தால் அது திரண்டு வீழ்படிந்து செல்லையே கெடுத்துவிடும். முயலின் இளம் சிவப்பணுச் சாற்றில் புரத உற்பத்தியை ஆராய்ந்தவர்கள் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். ஹீமின் என்ற ஹீம் வடிவத்தைச் சேர்க்காவிட்டால் சில நிமிடங்களில் உற்பத்தி சட்டென்று நிற்கிறது, சேர்த்தால் தொடர்கிறது. ஹீம் இருக்கும்வரை எச்.ஆர்.ஐ. அடங்கியிருக்கிறது. ஹீம் குறைந்ததும் விழித்து, இ.ஐ.எஃப்-2க்குப் பாஸ்பேட் ஒட்டி, குளோபின் உற்பத்தியைக் கையிருப்பில் உள்ள இரும்பின் அளவுக்கு இழுத்துப்பிடிக்கிறது.

இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மைக்ரோசைட்டிக், ஹைப்போகுரோமிக் என்று எழுதப்படுவது இதுவே. அதை வெறும் பற்றாக்குறையின் தழும்பாகக் கருதுவதே வழக்கம். 2001இல் வெளியான எலி ஆய்வு வேறு விதமாகக் காட்டியது. எச்.ஆர்.ஐ. மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு இரும்பு குறைந்த உணவு கொடுத்தபோது அவற்றின் சிவப்பணுக்கள் சிறுக்கவில்லை, வெளிறவுமில்லை. மாறாக, உள்ளே குளோபின் கட்டிகள் படிந்து, அணுக்களும் அவற்றின் முன்னோடிச் செல்களும் அழிந்தன. சிறுத்து வெளிறிய அணு, கிடைத்த இரும்புக்கேற்ப உற்பத்தியைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொண்ட அணு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். எல்லாமே இரும்புக் குறைவால் வந்தவை அல்ல என்றாலும், எத்தனையோ கோடிப் பேரின் எலும்பு மஜ்ஜையில் இந்த நொதி நாள்தோறும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. எச்.ஆர்.ஐ. சிவப்பணுவுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் 2020இல் மாறியது. மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டால் அங்கிருந்து வெட்டி வெளியேற்றப்படும் டி.இ.எல்.இ-1 என்ற சிறு புரதம், எச்.ஆர்.ஐ.யைத் தொட்டு எழுப்புகிறது என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன.

பி.கே.ஆர். உணர்வது இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை. வைரஸ்கள் பெருகும்போது இத்தகைய ஆர்.என்.ஏ. உண்டாவது சாதாரணம், நலமான செல்லின் சைட்டோபிளாசத்தில் அது அரிது. 1971இல் எல்லி எரன்ஃபெல்டும் டிம் ஹண்டும் போலியோ வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ. மிகச் சிறிதளவே முயல் சிவப்பணுச் சாற்றில் புரத உற்பத்தியை நிறுத்துவதைக் காட்டினார்கள். வைரஸுக்குச் சொந்த ரைபோசோம் கிடையாது. உற்பத்தியை நிறுத்தினால் செல்லும் நலிகிறது, ஆனால் வைரஸ் பெருக முடியாமல் முடங்குகிறது. வைரஸ்களும் சும்மா இருக்கவில்லை. மாட்டம்மை குடும்பத்து வாக்சினியா வைரஸ், இ.ஐ.எஃப்-2இன் ஆல்ஃபா அலகைப் போலவே தோற்றம் கொண்ட போலிப் புரதத்தைச் செய்து பி.கே.ஆரின் கவனத்தைத் திருப்புகிறது. ஹெர்பிஸ் வைரஸ் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் வழியைக் கையாள்கிறது. கழற்றுவதற்கான மரபணுவை நீக்கிவிட்டால் அந்த வைரஸ் நலமான செல்லில் பெருக முடியாமல் தவிக்கும்; தற்காப்பு குலைந்த புற்றுச் செல்லிலோ பெருகும். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸ் ஒன்றுக்கு, மெலனோமா என்ற தோல் புற்றுக்கான மருந்தாக அமெரிக்கா 2015இல் ஒப்புதல் அளித்தது.

தூது ஆர்.என்.ஏ. வகைக் கோவிட் தடுப்பூசிகளிலும் பி.கே.ஆருக்கு இடமுண்டு. ஆய்வகத்தில் செய்த தூது ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் செலுத்தினால், செல் அதை அந்நியமாகக் கருதி எச்சரிக்கை அடைகிறது. புரதமும் குறைவாகவே உருவாகிறது. காட்டலின் காரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் யூரிடினுக்குப் பதிலாக சூடோயூரிடினை வைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். பி.கே.ஆர். குறைவாகவே தூண்டப்படுவதும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம் என்று அவர்கள் குழு 2010இல் காட்டியது. 2023இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஜி.சி.என்-2 மிகப் பழையது. ஈஸ்டிலும் உண்டு, தாவரங்களிலும் உண்டு. அமினோ அமிலம் தீர்ந்தால் டி.ஆர்.என்.ஏ.க்கள் சுமையின்றி நிற்கும், ரைபோசோம்கள் நடுவழியில் தயங்கும். இந்த நிலையை ஜி.சி.என்-2 உணர்கிறது. ரத்தப் புற்றுக்குக் கொடுக்கப்படும் ஆஸ்பராஜினேஸ் மருந்து ரத்தத்தில் உள்ள ஆஸ்பராஜினை அழிக்கும்போது செல்களில் விழிப்பதும் இதுவே.

பெர்க்கின் முக்கியத்துவத்தைக் குழந்தைகளிடம் காணும் ஓர் அரிய நோய் சொல்லும். செல்லிலிருந்து வெளியே அனுப்பப்படும் புரதங்கள் எண்டோபிளாச வலைக்குள் மடிக்கப்படுகின்றன. கணையத்தின் பீட்டா செல் தூண்டப்படும்போது நிமிடத்துக்குப் பத்து லட்சம் இன்சுலின் மூலக்கூறு அளவில் தயாரிக்க வல்லது. ஒவ்வொன்றிலும் மூன்று கந்தகப் பாலங்கள் சரியான இடத்தில் அமைய வேண்டும். வலை திணறினால் பெர்க் அதை உணர்ந்து உள்ளே வரும் சரக்கைக் குறைக்கிறது. பெர்க் இல்லாத பீட்டா செல் குறைக்கத் தெரியாமல் செய்துகொண்டே போய் மடிகிறது. 1972இல் வோல்காட், ராலிசன் இருவரும் விவரித்த நோய் இது. பிறந்த சில மாதங்களுக்குள் நீரிழிவு, பிறகு எலும்பு வளர்ச்சிக் குறை, கல்லீரல் செயலிழப்பு. பெர்க் மரபணுவின் பழுதே இதன் காரணம் என்று 2000இல் தெரியவந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால்தான் நோய் தோன்றும். ஆகவே நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் பிறக்கும் பச்சிளம் குழந்தைகளின் நிரந்தர நீரிழிவுக்கு இதுவே அடிக்கடி காணப்படும் காரணம். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் மண வழக்கமுள்ள தமிழ்நாட்டில், ஆறு மாதத்துக்குள் குழந்தைக்கு நீரிழிவு வந்தால் மரபணுப் பரிசோதனை அவசியம்.

பெர்க்கோடு தொடர்புடைய மற்றொரு உணர்வி ஐ.ஆர்.இ-1. அதை 1993இல் ஈஸ்டில் பீட்டர் வால்ட்டரின் குழுவும் கசுடோஷி மோரியின் குழுவும் கண்டறிந்தன. வலையின் கொள்ளளவைக் கூட்டும் மரபணுக்களை எழுப்புவது அதன் பணி.

இனி, தேவையான சில புரதங்கள் மட்டும் எப்படித் தப்பிக்கின்றன என்ற கேள்வி. இதற்கான விடை ஈஸ்டில் கிடைத்தது. ஆலன் ஹின்னபுஷ் 1980களிலிருந்து ஆராய்ந்த ஜி.சி.என்-4 என்ற மரபணுவே அந்த விடை. அமினோ அமிலத் தயாரிப்பு மரபணுக்களை இயக்கும் புரதம் அது. பட்டினியில் மற்ற உற்பத்தியெல்லாம் குறையும்போது இது மட்டும் கூடுகிறது. அதன் தூது ஆர்.என்.ஏ.வில் உண்மையான புரதப் பகுதிக்கு முன்னால் நான்கு குட்டிச் சட்டகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் தொடக்கக் குறியன், இரண்டு மூன்று அமினோ அமிலங்களிலேயே நிறுத்தக் குறியன். பார்ப்பதற்குப் பயனற்றவை. சிறு துணையலகு முனையில் ஏறி முதல் குட்டிச் சட்டகத்தைப் படித்து முடிக்கிறது. அங்கிருந்து விழுந்துவிடாமல் தொடர்ந்து நகர்கிறது. ஆனால் இன்னொரு முறை தொடங்க அதற்குப் புதிய மெத்தியோனைன் சுமையும் இ.ஐ.எஃப்-2உம் வேண்டும். நல்ல காலத்தில் அது உடனே கிடைக்கிறது. துணையலகு அடுத்துள்ள குட்டிச் சட்டகத்தில் மாட்டிக்கொண்டு, படித்து, ஆர்.என்.ஏ.விலிருந்தே கழன்று விழுகிறது. உண்மையான சட்டகம் வரை போய்ச் சேருவதே இல்லை. பட்டினிக் காலத்தில் இ.ஐ.எஃப்-2 தட்டுப்பாடு. சுமை வந்து சேரத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்துக்குள் துணையலகு நான்காவது குட்டிச் சட்டகத்தையும் கடந்துவிடுகிறது. அதன் பிறகு சுமை கிடைக்கும்போது எதிரே நிற்பது ஜி.சி.என்-4இன் உண்மையான தொடக்கக் குறியன்.

எல்லாவற்றையும் நிறுத்தும் தட்டுப்பாடே இந்த ஒன்றைத் திறந்துவிடுகிறது. தனியாக ஓர் ஆணையோ, தனியாக ஒரு தூதுவனோ தேவைப்படவில்லை. பாலூட்டிகளில் ஏ.டி.எஃப்-4 என்ற புரதம் இதே உத்தியில் இயங்குகிறது. அங்கே முன்சட்டகங்கள் இரண்டு. முதலாவது வெறும் மூன்று அமினோ அமிலம். இரண்டாவது 59 அமினோ அமில நீளம். அது உண்மையான தொடக்கக் குறியனைத் தாண்டி நீள்வதால், அதில் மாட்டிக்கொண்ட ரைபோசோம் ஏ.டி.எஃப்-4ஐ எட்டவே முடியாது. நெருக்கடியில் அதைத் தாண்டிச் செல்பவை மட்டும் எட்டுகின்றன. உருவான ஏ.டி.எஃப்-4 உட்கருவுக்குச் சென்று, அமினோ அமிலங்களைச் செய்யவும் உள்ளே இழுக்கவும் ஆக்சிஜனேற்ற நச்சை எதிர்க்கவும் வேண்டிய மரபணுக்களை எழுப்புகிறது. நான்கு கைனேஸ்களில் எது தூண்டப்பட்டாலும் வழி இந்த ஓரிடத்தில் வந்து சேர்வதால் இதற்கு ஒருங்கிணைந்த நெருக்கடி எதிர்வினை என்று பெயர்.

தடைக்கு இது ஒன்றே வழியல்ல. சத்து நிலையைக் கணக்கிடும் எம்-டார் என்ற கைனேஸ் வளமான காலத்தில் 4இ-பிபி என்ற தடுப்பானை அடக்கி வைக்கிறது. சத்து குறைந்து எம்-டார் ஓய்ந்தால் அந்தத் தடுப்பான் விடுபட்டு, தூது ஆர்.என்.ஏ.வின் முனையைப் பற்றும் காரணியைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது முதலில் அடிபடுவது ரைபோசோம் புரதங்களின் உற்பத்தி. புதிய ஆலை கட்டுவதை முதலில் நிறுத்துவது நியாயம்தான். இந்தக் கைனேஸின் பெயரே ராபமைசினிலிருந்து வந்தது. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து அந்த மருந்தைப் பிரித்தெடுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகல்.

தொடக்கம் தடைபட்டதும் ரைபோசோம்கள் இறங்கிவிட்ட தூது ஆர்.என்.ஏ.க்கள், சிறு துணையலகோடும் பிணைப்புப் புரதங்களோடும் சேர்ந்து சைட்டோபிளாசத்தில் துகள்களாகத் திரள்கின்றன. ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தால் பத்து இருபது நிமிடங்களில் செல் முழுதும் புள்ளிகள் தோன்றுவதையும், நெருக்கடி நீங்கினால் கரைவதையும் காணலாம். பாக்டீரியாவின் வழி வேறு, அங்கே இ.ஐ.எஃப்-2 இல்லை. அமினோ அமிலம் தீர்ந்தால் ரைபோசோமோடு ஒட்டிய ரெல்-ஏ என்ற நொதி, கூடுதல் பாஸ்பேட்டுகள் கொண்ட ஒரு குவானோசின் மூலக்கூறை உண்டாக்கி ரைபோசோம் தயாரிப்பையே குறைத்துவிடுகிறது. அந்த மூலக்கூறை 1969இல் மைக்கேல் கேஷலும் ஜோனதன் கேலன்ட்டும் கண்டறிந்தார்கள்.

நிறுத்தியதை மீண்டும் தொடங்குவதும் இதே அளவுக்கு முக்கியம். ஏ.டி.எஃப்-4 வழியாக எழும் புரதங்களில் ஒன்று காட்-34. ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை அது இ.ஐ.எஃப்-2இடம் அழைத்துவருகிறது. தடை தன்னை நீக்கும் கருவியையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நெருக்கடி தீர்ந்திருந்தால் செல் தேறிவிடும். தீராமலேயே உற்பத்தி மீண்டால், மடியாத புரதங்கள் இன்னும் குவியும். நீடித்த நெருக்கடியில் எழும் சாப் என்ற புரதம் செல்லைத் திட்டமிட்ட மரணத்தின் பக்கம் தள்ளுவது இந்த வழியிலும் நடக்கிறது. உடலுக்குச் சில வேளைகளில் பழுதான செல் சாவதே நல்லது. ஆனால் மூளை நரம்புச் செல்லும் பீட்டா செல்லும் எளிதில் ஈடுசெய்ய முடியாதவை.

மீள முடியாமை எத்தகைய துயரம் என்பதைக் காட்டும் நோய் ஒன்று உண்டு. நெதர்லாந்தின் மார்யோ வான் டெர் க்னாப் 1990களில் விவரித்த அந்த நோயில் மூளையின் வெண்பொருள் படிப்படியாக மறைந்துபோகிறது. நன்றாக நடந்து விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அல்லது தலையில் பட்ட சிறு அடிக்குப் பிறகு தள்ளாடத் தொடங்கும், சற்றுத் தேறும், அடுத்த காய்ச்சலில் மேலும் சரியும். 2001இல் காரணம் புலப்பட்டது. மாற்றித் தரும் கூட்டமைப்பான இ.ஐ.எஃப்-2பியின் ஐந்து அலகுகளில் ஏதேனும் ஒன்றின் மரபணு பழுது. கூட்டமைப்பு ஏற்கெனவே பலவீனமாக இருப்பதால் நெருக்கடி எதிர்வினை எப்போதும் ஓரளவு இயங்கிக்கொண்டே இருக்கிறது. காய்ச்சல் வந்தால் மூளையின் துணைச் செல்களால் தாங்க முடிவதில்லை. சாதாரணக் காய்ச்சலைத் தணிப்பதே இந்தக் குழந்தைகளுக்கு முக்கியமான சிகிச்சையாக இருந்துவருகிறது.

இந்தப் புரிதலிலிருந்து ஒரு மருந்துத் தேடல் பிறந்தது. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பீட்டர் வால்ட்டரின் குழுவில் கார்மெலா சித்ராவ்ஸ்கியும் மற்றவர்களும் இஸ்ரிப் என்ற சிறு மூலக்கூறைக் கண்டெடுத்தனர். அது இ.ஐ.எஃப்-2பியின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் அமர்ந்து, இரண்டையும் இறுக்கிப் பிடித்துச் செயல்படும் வடிவத்திலேயே வைக்கிறது. பாஸ்பேட் ஒட்டிய காரணியின் தடை அப்போது வலுவிழக்கிறது. எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது இடத்தை நினைவில் கொள்ளும் திறன் கூடியது. நீடித்த நினைவு புதிய புரதம் இல்லாமல் பதியாது என்பதால் இது பொருந்துகிறது. அதே வழியில் செயல்படும் மருந்துகள் மனிதரிடமும் சோதிக்கப்பட்டன. இயக்க நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ். நோயில் அவை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. தடையை எப்போதும் தளர்த்தி வைப்பது காப்பையும் தளர்த்திவிடலாம் என்ற கவலையும் இருக்கிறது. எந்த நோயில், எந்தக் கட்டத்தில், எவ்வளவு நாள் என்பதில்தான் இந்த மருந்துகளின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

மலேரியா ஒட்டுண்ணியும் இ.ஐ.எஃப்-2இல் பாஸ்பேட் ஒட்டும் இதே உத்தியைத் தன் காத்திருப்புக்குப் பயன்படுத்துகிறது. கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் தங்கியிருக்கும் ஸ்போரோசோயிட்டுகள், மனிதக் கல்லீரலை அடைந்த பிறகே உருமாற வேண்டும். அதுவரை ஐ.கே-2 என்ற கைனேஸ் ஒட்டுண்ணியின் இ.ஐ.எஃப்-2இல் பாஸ்பேட்டை ஒட்டி வைத்து, புரத உற்பத்தியை அடக்குகிறது. எலி மலேரியாவில் அந்த மரபணுவை நீக்கினால் ஸ்போரோசோயிட்டு கொசுவுக்குள்ளேயே முன்கூட்டி உருமாறி, தொற்றும் திறனை இழக்கிறது. ஆர்ட்டெமிசினின் மருந்து ரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தாக்கும்போது, பி.கே-4 என்ற இன்னொரு கைனேஸ் இதே பாஸ்பேட்டை ஒட்டிச் சிலவற்றை உறங்கவைக்கிறது. மருந்து உடலிலிருந்து நீங்கியதும் அவை விழித்து நோயை மீண்டும் கொண்டுவருகின்றன. 2017இல் வெளியான ஆய்வில், பி.கே-4ஐத் தடுக்கும் மருந்தை ஆர்ட்டெமிசினினோடு சேர்த்துக் கொடுத்த எலிகளில் நோய் திரும்பி வருவது தடுக்கப்பட்டது.